பீரோவில் பூட்டி வைத்த விடைத்தாள் கட்டு

கேள்வி: கொரோனாவால் குலைந்துபோன கல்வியாண்டை ஆசிரியர்களான நீங்கள் மனதுக்குள் எப்படி முடித்துவைத்தீர்கள்? மறுபடி வகுப்புக்குள் போகத் தெம்பு எங்கிருந்து வந்தது?

குடியாத்தம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். எனக்கு அந்த ஆண்டு ஒரு கட்டு விடைத்தாளோடுதான் முடிந்தது.

2021 ஜனவரி 19-இல் பத்தாம் வகுப்பைத் திறந்தார்கள். வேகவேகமாகப் பாடத்தை ஓட்டி ஒரு திருப்புதல் தேர்வும் வைத்துவிட்டேன். பிப்ரவரி 25 அன்று அந்தத் தாள்களுக்குக் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது: ஒன்பது, பத்து, பதினொன்றுக்குத் தேர்வு கிடையாது, எல்லோரும் பாஸ். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தப்பில்லை, அந்த வயதில் நானும் கத்தியிருப்பேன். ஆனால் எனக்கு ஏதோ விட்டுப்போய்விட்டது. இனி இதைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று தாள்களைக் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டினேன். மார்ச் 22 முதல் பள்ளியையும் மறுபடி பூட்டினார்கள்.

இரண்டாம் அலையில் கூட வேலை பார்த்த ஒருவரை இழந்தோம். அதைப் பற்றி இங்கே எழுத மனமில்லை.

ஆகஸ்டில் சான்றிதழ் வந்தது. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. டிசி வாங்க வந்த ஒரு பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நான் எவ்ளோன்னு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதா?" என்றாள். அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். நூற்றுக்கு 81. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. வடிவியல் கணக்கில் ஏன் இரண்டு மார்க் குறைத்தேன் என்று சண்டைக்கு வேறு வந்தாள். அன்றும் மறுநாளும் வந்த எல்லோருக்கும் அவரவர் தாளைக் கொடுத்தேன். ஆறு மாதமாக என் தொண்டையில் நின்றது அந்த இரண்டு நாளில் இறங்கியது. பிரிவு உபசார விழா வைத்திருந்தால்கூட இறங்கியிருக்குமா, தெரியவில்லை.

அப்புறம் செப்டம்பர் 1. கொரோனாவுக்கு முதலில் பள்ளியை மூடியபோது ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பாக வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாரம் வழக்கம்போல் கணங்கள் (செட்ஸ்) பாடம் நடத்தினேன். ஒருவருக்கும் ஏறவில்லை. சாதாரண வகுத்தலே மறந்திருந்தது. எங்கள் ஊரில் பல வீடுகளில் பீடி சுற்றுவார்கள், ஊரடங்கில் இந்தப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். எரிச்சலில் ஒருநாள் கேட்டேன்: "ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டுடா?" கேட்டு முடிக்கும் முன்னே நாலு பேர் "நாப்பது சார்" என்றார்கள். கட்டுக்கு இருபத்தைந்து. அதையே போர்டில் வகுத்தலாக எழுதிக் காட்டினேன். கணக்கு அவர்களை விட்டுப் போகவில்லை, எழுதும் பழக்கம்தான் போயிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. (பிள்ளைகள் பீடி சுற்றியதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வீடுகளுக்கு நேரில் போய்ப் பேசியது தனிக் கதை.) ஒரு மாதம் பாடப்புத்தகத்தைத் தொடாமல் ஆறாம் வகுப்புக் கணக்கு நடத்தினேன். எனக்குத் தெம்பு வந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகும் ஆண்டு ஒழுங்காக ஓடவில்லை. நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம், மழை விடுமுறை. ஜனவரியில் ஒமிக்ரான் என்று மறுபடி மூடல், பிப்ரவரி 1-இல் திறப்பு. முன்பு போல் நான் இடிந்துபோகவில்லை. விட்ட இடத்தைப் பென்சிலில் குறித்துவைத்துக்கொண்டு, திறந்ததும் அங்கிருந்தே எடுத்தேன்.

அந்தக் கட்டில் ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. அந்தப் பையன் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். மறு வருடம் ஐடிஐ-யில் சேர டிசி கேட்டு வந்தான். தாளைக் கொடுத்தேன். 34. பாஸ் மார்க் 35. வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாததற்கு ஒரு மார்க் குறைத்திருந்தேன். எனக்கே சங்கடமாகிவிட்டது. பேனாவை எடுத்தேன்.

"வுடுங்க சார்," என்று சிரித்தான், "அந்த ஒரு மார்க்க கவர்மெண்டே போட்டுடுச்சி."