அயர்லாந்து சீஃபுட் சவுடர் வீட்ல பண்ண எதுக்குக் காசு போடணும், எதுக்கு வேண்டாம்?

கேள்வி: அக்கா, நாங்க டப்ளின்ல இருக்கோம். கால்வே போனப்போ சாப்பிட்ட சீஃபுட் சவுடர் (பால், க்ரீம் ஊத்திப் பண்ற கெட்டியான மீன் சூப்) பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வீட்ல பண்ணலாம்னு சூப்பர்மார்க்கெட்ல ஃப்ரோசன் ஃபிஷ் பை மிக்ஸ் (துண்டு போட்ட கலப்பு மீன்), ஒரு வலைப்பை மசல்ஸ் (ஓட்டோட வர்ற கடல் சிப்பி), லைட் க்ரீம் எல்லாம் வாங்கினேன். சூப் தண்ணியா ஓடுது, க்ரீம் திரிஞ்சு போச்சு, மசல்ஸ்ல பாதிக்கு மேல வாய் திறந்தே கிடந்துச்சு. திருப்பிக் கொண்டு போனா, பையைப் பிரிச்சுட்டீங்க, எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. எதை எங்க வாங்கறது? பேசாம ரெடிமேட் டப்பாவே வாங்கிடலாமா?

பதில்: முதல்ல அந்த மசல்ஸ் விஷயம், ஏன்னா அதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. உயிரோட விக்கிற மசல்ஸுக்கு எக்ஸ்பைரி தேதிக்குப் பதிலா, விக்கும்போது உயிரோட இருக்கணும்னு லேபிள்லயே போடலாம்னு ஐரோப்பிய சட்டம் சொல்லுது, உங்க பையில இருந்த டேக்ல அந்த வரி இருக்கானு பாருங்க. நாலஞ்சு செத்துப் போறது சகஜம், பாதிப் பை அப்படி இருந்தா அது சரக்குல கோளாறு. வாய் திறந்ததை மேடையில ஒரு தட்டு தட்டுங்க, மூடிக்கிட்டா உயிர் இருக்கு, மூடலைன்னா தூக்கிப் போட்டுடுங்க. பையைப் பிரிக்காம இதை எப்படித் தெரிஞ்சுக்க முடியும்? அதனால அந்தக் காரணம் செல்லாது, ரசீது, டேக், போட்டோ மூணையும் வச்சு மேனேஜர்கிட்ட கேளுங்க. அயர்லாந்தோட நுகர்வோர் சட்டமான கான்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் 2022 சாப்பாட்டுப் பொருளுக்கும் சேர்த்துதான். சுகாதாரக் குறைன்னு தோணினா எஃப்எஸ்ஏஐக்கு (அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம். ஒண்ணு மட்டும், வீட்ல மசல்ஸை நல்ல தண்ணில ஊற வச்சாலோ காத்துப் போகாத டப்பால அடைச்சாலோ அதுவே செத்துடும், ஈரத்துணி போட்டு மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, அன்னைக்கே சமைச்சிடுங்க.

சூப் தண்ணியானதுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஃப்ரோசன் மிக்ஸ்தான். உறைஞ்ச மீன் உருகும்போது தண்ணி விடும், நேரா பால்ல போட்டா அத்தனையும் சூப்புலதான் இறங்கும். ஐஸ் பூச்சோட வர்ற மீனுக்கு அந்த ஐஸைக் கழிச்சுதான் நெட் வெயிட் போடணும், அந்த எடைக்குக் கிலோ என்ன விலைன்னு பாருங்க. டப்ளின் பக்கத்துல ஹோத் துறைமுகத்து மேற்குப் பக்கம் வரிசையா மீன் கடைங்க இருக்கே, அந்த மாதிரிக் கடைகள்ல சவுடர் மிக்ஸ் வேணும்னு கேட்டுப் பாருங்க, சால்மன், வெள்ளை மீன் எல்லாம் வெட்டி மிஞ்சின துண்டா இருக்கும், முழு ஃபில்லெட் (முள் எடுத்த பெரிய துண்டு) விலை குடுக்க வேண்டியதில்ல. கவுன்டர்ல ஐஸ் மேல பளபளன்னு இருக்கிறதெல்லாம் ஃப்ரெஷ்னு நினைக்காதீங்க, விலைச் சீட்டுல டிஃப்ராஸ்டட்னு போட்டிருக்கானு பாருங்க, எந்தக் கடல்ல பிடிச்சது, வளர்ப்பு மீனாங்கிறதும் அதுலயே இருக்கணும்.

காசு போட வேண்டியது ஸ்மோக்ட் ஹேடாக்ல, அதாவது புகை போட்ட ஹேடாக் மீன்ல. சவுடரோட மணமே அதுதான், அது இல்லாட்டி வெறும் பால் சூப். பளீர்னு மஞ்சளா இருக்கிறது சாயம், குர்குமின் இல்லைன்னா அனாட்டோவா இருக்கும், கெடுதல் இல்ல ஆனா ருசியைக் கூட்டாது, சாயம் போடாத வெளுத்த துண்டையே வாங்குங்க. பெரிய இறாலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், சவுடருக்கு அது அவசியமே இல்ல.

க்ரீம் திரியறதுக்குக் காரணம் கொழுப்பு கம்மியா இருக்கிறது. லைட் க்ரீமைக் கொதிக்கிற சூப்புல ஊத்தினா திரியத்தான் செய்யும், அதுலயும் வைன் சேர்த்திருந்தா சொல்லவே வேணாம். சாதா ஃப்ரெஷ் க்ரீமே வாங்குங்க, விலையும் பெருசா வித்தியாசம் இருக்காது.

நாலு பேருக்கு அரைக் கிலோ மசல்ஸ், கால் கிலோ ஸ்மோக்ட் ஹேடாக், மத்த மீன் 300 கிராம், பால் அரை லிட்டர், க்ரீம் 150 மில்லி போதும். மசல்ஸை ஒரு கரண்டி தண்ணில மூடி போட்டு வேக வச்சு (வெந்தும் திறக்காததை எடுத்துடுங்க) அந்தத் தண்ணியை வடிகட்டி வச்சுக்கோங்க, கீழ ஊத்திடாதீங்க, பாதி ருசி அதுலதான் இருக்கு. ஹேடாக்கைப் பால்ல அஞ்சு நிமிஷம் சின்னத் தீயில வச்சு எடுத்து உதிர்த்துக்கோங்க. வெண்ணெய்ல வெங்காயம், லீக், செலரி வதக்கி, ஒரு பெரிய ஸ்பூன் மைதா, ரெண்டு ரூஸ்டர் உருளைக்கிழங்கு பொடியா வெட்டிப் போட்டு, அந்தப் பாலையும் மசல்ஸ் தண்ணியையும் ஊத்துங்க. ரூஸ்டர் மாவுக் கிழங்கு, ஓரம் கரைஞ்சு தானாவே கெட்டியாக்கும். கிழங்கு வெந்ததும் பச்சை மீன், மூணு நாலு நிமிஷம், அதுக்கு மேல விட்டா மீன் தண்ணி விட்டு ரப்பர் ஆயிடும். கடைசியா ஹேடாக், மசல்ஸ், க்ரீம், அதுக்கப்புறம் கொதிக்க விடக்கூடாது. உப்பு ருசி பார்த்துட்டுப் போடுங்க, புகை மீன்லயே நிறைய இருக்கு.

ரெடிமேட் டப்பாவா, அவசரத்துக்கு வாங்கலாம். சீஃபுட் சவுடர்னு பேர் வச்சா உள்ள மீன் எத்தனை சதவீதம்னு பின்னாடி போட்டே ஆகணும். ரெண்டு மூணு டப்பாவைத் திருப்பிப் பார்த்து அந்த நம்பர் அதிகமா இருக்கிறதை எடுங்க.