‘அது அவர் வேலைதானே?’: வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரை எழுதுவது எப்படி

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தபோது, மூன்றாவது மாடியில் சிக்கிக்கொண்ட சிறுவனையும் அவனுடைய பாட்டியையும் தீயணைப்பு வீரர் ஒருவர் காப்பாற்றினார். குடியிருப்போர் எல்லோரும் சேர்ந்து அவரை வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்க விரும்புகிறோம். அவருடைய மேலதிகாரியோ, “அது அவர் வேலைதானே” என்கிறார். நாங்கள் பரிந்துரைக்கலாமா? எங்கள் வரைவை இணைத்திருக்கிறேன். என்ன திருத்த வேண்டும்?

பதில்: தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மேலதிகாரி சொன்னதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். தேர்வுக் குழுவில் உட்காருபவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். எரியும் வீட்டுக்குள் நுழைவது தீயணைப்பு வீரரின் அன்றாடப் பணி. அதற்கான பயிற்சி, உடை, கருவி எல்லாம் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ‘தீக்குள் நுழைந்தார்’ என்பது மட்டும் போதாது. கடமை எந்த இடத்தில் முடிந்தது, அதைத் தாண்டி அவர் செய்தது என்ன என்பதைக் காட்ட வேண்டும். காவலர், தீயணைப்பு வீரர், அவசர மீட்புப் பணியாளர் ஆகியோருக்காக அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்படும் வீரப் பதக்கத்துக்கும் இதுவே அளவுகோல்: தன் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல், பிறர் உயிரைக் காக்கக் கடமைக்கும் அப்பால் சென்றிருக்க வேண்டும்.

உங்கள் வரைவைப் படித்தேன். முதல் பக்கம் முழுவதும் ‘உயிரைத் துச்சமென மதித்து’, ‘தெய்வம்போல் வந்து’ என்று போகிறது. அந்த நன்றி உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குழுவுக்கு வரும் எல்லா மனுக்களிலும் இதே சொற்கள்தான் இருக்கும். இரண்டாம் பக்கத்தின் நடுவே, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘சிறுவனைக் கீழே விட்டபோது அவர் முதுகிலிருந்த கருவி விசிலடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் திரும்ப மேலே ஓடினார்.’ உங்கள் மனுவின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது.

அந்த விசில் என்ன என்பதை விளக்குகிறேன். சுவாசக் கருவியின் சிலிண்டரில் காற்று குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அது தானாக ஒலிக்கும். அதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் பயிற்சியில் சொல்லித்தரப்படும் பாடம். மிச்சமிருப்பது வெளியேறுவதற்கான காற்று, வேலை செய்வதற்கானது அல்ல. புகை நிறைந்த கட்டடத்துக்குள் அதுவும் தீர்ந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதை அறிந்தே போனார். ஆபத்தை அறியாமல் செய்வதற்கும் அறிந்து செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் குழு தேடும். இதை மனுவின் முதல் பத்தியில் வையுங்கள். அடைமொழி ஒன்றுகூட வேண்டாம்: எத்தனை மணிக்கு, எந்த மாடியில், புகை எந்த அளவில், விசில் ஒலித்தபோது அவர் எங்கே நின்றார், பாட்டியுடன் எத்தனை நிமிடத்தில் திரும்பினார் என்பன போதும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. விசில் ஒலித்த பிறகு உள்ளே போனது விதிமீறல் என்று துறை கருதலாம். மேலதிகாரியின் தயக்கத்துக்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். அதற்காக அந்த வரியை மறைக்காதீர்கள். பல துறைகளில் யார் எப்போது உள்ளே போனார், சிலிண்டரில் காற்று எவ்வளவு இருந்தது என்று வாசலிலேயே பதிவு செய்கிறார்கள். நீங்கள் மறைத்தாலும் அது வெளியே வரும். மாறாக, பாட்டி எந்த அறையில் இருக்கிறார் என்று சிறுவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனாரா, சக வீரரிடம் சொல்லிவிட்டுப் போனாரா என்று விசாரித்து எழுதுங்கள். யோசித்து எடுத்த முடிவுதான் துணிச்சலைக் கண்மூடித்தனத்திலிருந்து பிரித்துக் காட்டும்.

அடுத்தது சாட்சியம். ஐம்பது பேர் கையெழுத்திட்ட ஒரே தாளைவிட, நேரில் கண்ட மூவர் தனித்தனியே எழுதித் தருவது வலுவானது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். சிறுசிறு முரண்பாடுகள் இருந்தால் இருக்கட்டும், ஒன்றுபோல் இருக்கும் வாக்குமூலங்கள்தான் ஐயத்தை எழுப்பும்.

நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. யார் பரிந்துரைக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நான் மேலே சொன்ன அமெரிக்கப் பதக்கத்துக்குத் துறைத் தலைவர்தான் பரிந்துரைக்க முடியும். ஓர் ஆண்டில் பொதுவாக ஐந்து பேருக்கு மேல் தருவதில்லை. கனடாவின் வீர விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் எழுத வேண்டும். பிரிட்டனிலும் பொதுமக்கள் பரிந்துரைக்கலாம். இந்தியாவில் பலர் தவறான கதவைத் தட்டிவிடுகிறார்கள். உயிர்காத்தவர்களுக்கான ‘ஜீவன் ரக்ஷா பதக்’ விருது, காவல், தீயணைப்புத் துறையினர் பணி நேரத்தில் செய்ததற்குக் கிடைக்காது. பணியில் இல்லாதபோது செய்திருந்தால் மட்டுமே உண்டு. பணியில் இருந்தவருக்கு உரியவை ‘குடியரசுத் தலைவரின் வீரப் பதக்கம்’, ‘வீரப் பதக்கம்’ என்ற இரண்டும்தான். அவற்றுக்குத் துறை, மாநில அரசு வழியாகத்தான் போக முடியும். துறை வழியாக மட்டுமே போகும் நாடு என்றால், உங்கள் ஆவணத்தை அந்த மேலதிகாரியிடமே மரியாதையோடு கொடுங்கள். அவர் சொன்ன மறுப்புக்குப் பதில் முதல் பத்தியிலேயே இருக்கும்.

அந்த வீரர் தனியாக வரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கீழே பம்பை இயக்கியவர், படிக்கட்டில் தண்ணீர்க் குழாயைப் பிடித்து வழியைக் காத்தவர் ஆகியோரையும் அவர்கள் செய்ததையும் குறிப்பிடுங்கள். அவர்களை விட்டுவிட்டால் நிலையத்துக்குள் அவருக்கே சங்கடம். பாராட்டை ஏற்கக் கூச்சப்படும் வீரர்கள் நிறையப் பேர். அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதக்கத்தின் முடிவு தெரியப் பல மாதங்கள் ஆகலாம். எனவே இன்றே ஒரு பக்கப் பாராட்டுக் கடிதம் ஒன்றைத் துறைத் தலைவருக்குத் தனியாக அனுப்பி, அதை அந்த வீரரின் பணிப் பதிவேட்டில் சேர்க்கும்படி கேளுங்கள். பரிந்துரை பற்றி வீரரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். கிடைக்காமல் போனால் அந்த ஏமாற்றம் அவருக்கு வேண்டாதது. சிறுவனின் பெற்றோரிடம் மட்டும் அனுமதி பெறுங்கள், அவன் பெயரும் மனுவில் வரப்போகிறது. பாட்டி பேசும் நிலையில் இருந்தால் அவர் சொல்வதை இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள்.