தலைவனை வில்லன் ஆக்காமல் அணியை உடைப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் காசிமேட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். 32 பக்கத்தில் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறோம். துறைமுகத்தைக் காக்கும் ஐந்து பேர் அணி. போர் மூள்கிறது. சக்தி உள்ளவர்கள் எல்லோரும் ராணுவத்தின் கீழ் வர வேண்டும், கரையோரக் குப்பங்களைக் காலி செய்ய உதவ வேண்டும் என்று உத்தரவு வருகிறது. தலைவன் "சட்டம்னா சட்டம்தான்" என்று ஒப்புக்கொள்கிறான். அலைகளை ஆளும் பெண் "எங்க ஜனம்தான் முக்கியம்" என்று மறுக்கிறாள். நான்காம் பக்கத்திலேயே அணி இரண்டாகிவிடுகிறது. படித்தவர்கள் எல்லோரும் "ஹீரோ ஏன் திடீர்னு வில்லனா ஆயிட்டான்?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: கோளாறு அந்த இரண்டு வசனங்களில்தான். காசிமேட்டில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் அவர் யார் பக்கம் நிற்பார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கருத்துகளை மோதவிட்டால் வாசகர் நீதிபதி ஆகிவிடுவார், ஒரே நிமிடத்தில் தீர்ப்பும் சொல்லிவிடுவார். நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் போட்ட சோறு, யார் காப்பாற்றிய உயிர், யாருக்குக் கொடுத்த வாக்கு என்று ஐந்து பேருக்கும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். கடன் தெரிந்துவிட்டால் கருத்து தானாக வரும்.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் சென்னையில் ஏராளமானோர் மூட்டை கட்டினார்கள். அப்போது விலங்குக் காட்சிசாலை மூர் மார்க்கெட் பக்கம்தான் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்று அவற்றைச் சுட்டுவிட உத்தரவு போட்டார்கள். மலபார் போலீசார் வந்து சுட்டார்கள். இப்போது அந்தக் கூண்டின் முன்னால் ஒரு காவலாளை நிறுத்திப் பாருங்கள். தினமும் இறைச்சி போட்டவன், பெயர் சொல்லிக் கூப்பிட்டவன், இடுப்பில் சாவி வைத்திருப்பவன். எதிரே துப்பாக்கியோடு நிற்கும் அதிகாரியின் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, அங்கே அவர் குழந்தைகள் இருக்கிறார்கள். காவலாள் சாவியைக் கொடுப்பானா, ஒளிப்பானா? யாரைத் திட்டுவது என்று வாசகருக்குத் தெரியாது. உங்கள் 32 பக்கமும் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

இன்னொன்று. ஜப்பான் விமானம் வந்தது 1943 அக்டோபரில், சேதமும் சொற்பம். 1942இல் அது யாருக்கும் தெரியாது. உங்கள் பாத்திரங்களுக்கும் கடைசிப் பக்கம் தெரியக் கூடாது. தலைவன் சொன்னது சரியா தவறா என்பதைக் கதை பாதியிலேயே நிரூபித்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துபோகும்.

இனி உங்கள் தலைவனுக்கு வருவோம். முன்பு ஒரு புயலில் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லாமல் விட்டவனாக அவனை வைத்துப் பாருங்கள். "ராத்திரிக்குள்ள தாங்கிடும்" என்று நினைத்தான். காலையில் ஒரு வரிசை வீடுகள் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு அவன் கடன்பட்டவன், அதனால்தான் உத்தரவுக்குத் தலையாட்டுகிறான். அலைகளை ஆளும் பெண்ணின் கதை வேறு. சிறுவயதில் "பதினைந்து நாள்தான், அப்புறம் திரும்ப வந்துடலாம்" என்று சொல்லி லாரியில் ஏற்றப்பட்டவள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சுற்றுச்சுவர். வடசென்னையில் இதைப் படிக்கும் எவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. இப்போது இருவரும் அதே வசனங்களைப் பேசட்டும், கேட்பவருக்கு நெஞ்சு அடைக்கும்.

இந்த வகைக் கதைகளில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது 2006-07இல் ஏழு இதழ்களாக வந்த மார்வெலின் 'சிவில் வார்'. எழுதியவர் மார்க் மில்லர், வரைந்தவர் ஸ்டீவ் மெக்னிவன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அருகே நடந்த வெடிப்பில் நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள். சக்தி உள்ளவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வருகிறது. அயர்ன் மேன் ஆதரிக்கிறான், கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறான். உங்களுக்கு வந்த கேள்வி அதற்கும் வந்தது. சட்டத்தின் பக்கம் நின்றவர்கள் மறுத்தவர்களை வேறொரு உலகச் சிறையில் அடைத்தார்கள், தோரின் நகலை உருவாக்கினார்கள், அந்த நகல் மறுத்தவர்கள் பக்கம் நின்ற கோலியாத் என்ற ஹீரோவைக் கொன்றது. அதற்கு மேல் அயர்ன் மேன் என்ன நியாயம் பேசியும் பல வாசகர்கள் காதில் ஏறவில்லை. என் கணிப்பில் அந்தக் கதையின் பெரிய சறுக்கல் அதுதான். ஒரு பக்கத்தின் கையில் மட்டும் ரத்தத்தைப் பூசாதீர்கள்.

ஆனால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஸ்பைடர் மேன் தன்னை வளர்த்துவிட்ட அயர்ன் மேனுக்காகப் பத்திரிகையாளர்கள் முன் முகமூடியைக் கழற்றுகிறான், பிறகு மனம் பொறுக்காமல் எதிர்ப்பக்கம் போகிறான். கட்சி மாறும் அந்த ஒருவன்தான் கதையின் உயிர். உங்கள் ஐந்தில் அப்படி ஒருவராவது மாற வேண்டும். அப்புறம் பென் கிரிம், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' அணியின் கல் உடம்புக்காரன். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று பிரான்சுக்கே போய்விடுகிறான். அணிக்குள் அப்படி ஒரு ஆள் இருப்பது மிக இயல்பு. உங்கள் கதையில் அவன் பாட்டி 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவளாக இருக்கட்டும். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் போர் என்றால் எந்தப் பக்கமும் இல்லை, நடைதான்.

நான்காம் பக்கத்தில் உடைப்பது ரொம்பச் சீக்கிரம். வாசகருக்கு இந்த ஐந்து பேரும் ஒன்றாக இருந்த ருசியே தெரியாது, பிரிந்தால் என்ன வலிக்கும்? ஏழெட்டுப் பக்கம் ஒன்றாக இருக்க விடுங்கள். ஒரு பக்கத்தை பீச் ரோட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்குக் கொடுங்கள். ஐந்து பேர், மூன்று தட்டு. தலைவன் தன் தட்டிலிருந்த முட்டையை அவள் தட்டில் தள்ளுகிறான், அவள் பார்க்காத மாதிரி சாப்பிடுகிறாள். வசனம் வேண்டாம். பன்னிரண்டாம் பக்கத்தில் அதே கடை, அதே பெஞ்ச், தலைவன் மட்டும் தனியாக. தட்டில் முட்டை அப்படியே இருக்கிறது. இதை வரைந்துவிட்டால் சண்டைக் காட்சிகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

உடையிலும் ஒரு யோசனை. பிரிந்தபிறகு இரு அணிக்கும் வேறு வேறு சின்னம் வரைய நினைத்தால், வேண்டாம். சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது புலவர் கோவூர்கிழார் புறநானூற்றில் சுட்டிக்காட்டியது, இருவர் தலையிலும் ஆத்தி மாலைதான் இருக்கிறது என்பதைத்தான். யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடி. ஐந்து பேரும் கடைசிவரை ஒரே சின்னத்தோடு, ஒரு நங்கூரம் என்று வையுங்கள், அதோடு அடித்துக்கொள்ளட்டும். கருப்பு வெள்ளையில் குழப்பம் வராமல் இருக்க ஆளை உடல்வாகிலும் முடியிலும் வேறுபடுத்துங்கள். முழுக்க மை பூசி நிழலாக்கினாலும் யார் என்று தெரிய வேண்டும்.

போரைக் காட்ட விமானமும் டாங்கியும் தேவையில்லை. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சுட்டதில் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. குப்பத்து வாசலிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு கட்டம் வரைந்தால் போதும்.

அச்சு விஷயம் சுருக்கமாக. சென்டர் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், உங்கள் 32 சரிதான், அட்டை நான்கு பக்கம் தனி. ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலது பக்கம் வரும். அதிர்ச்சியை இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் வையுங்கள், தாளைத் திருப்பும்போதுதான் கண்ணில் படும். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் படம் வரையுமுன் பலூனுக்கு இடம் ஒதுக்குங்கள். தலைவன் ராணுவத்தோடு சேர்ந்தபிறகும் வீட்டுப் பேச்சே பேசட்டும். எழுத்துத் தமிழுக்கு அவனை மாற்றினால் அந்த இடத்திலேயே வாசகர் அவனை வில்லன் என்று முடிவு கட்டிவிடுவார்.

முதலில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையிலான பக்கங்களை மட்டும் பென்சிலில் திருப்பி வரையுங்கள். முன்பு கேள்வி கேட்ட அதே ஆட்களிடம் காட்டுங்கள். யார் பக்கம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தால் இங்க் போட ஆரம்பிக்கலாம்.