மிகை எண்ணாக வந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: 20 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள மனையில், உட்புறம் நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் நடைபாதை விட்டபின் 160 சதுர மீட்டர் தோட்டம் மிஞ்சுகிறது, பாதையின் அகலம் என்ன? பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வந்த கணக்கு இது. குறை எண் வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று அவள் படித்திருக்கிறாள். ஆனால் 2, 15 என இரண்டும் மிகை எண்களாகவே வருகின்றன. எதைத் தள்ளுவது? — வாசகி, தஞ்சாவூர்.

பதில்: 15-ஐத்தான் தள்ள வேண்டும், ஆனால் காரணம் அந்த எண்ணின் குறியில் இல்லை. பாதையின் அகலத்தை 'அ' என்று கொண்டால், (20 − 2அ)(14 − 2அ) = 160 என்பது சுருங்கி, அ² − 17அ + 30 = 0 ஆகிறது. அ = 15 எனில் தோட்டத்தின் நீளம் −10, அகலம் −16; இரண்டு குறை எண்களைப் பெருக்கினாலும் 160 வந்துவிடுவதால், மனை, பாதை எதையும் அறியாத சமன்பாடு அதையும் விடையாக ஏற்றுக்கொள்கிறது.

இந்தச் சிக்கல் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தமது பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, மீதியை வர்க்கப்படுத்தினால் வரும் எண்ணிக்கையிலான குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. விடைகள் 50, 5. ஐந்தில் ஒரு பங்கான 1-இலிருந்து 3-ஐக் கழித்தால் −2 வருகிறது என்பதால், மிகை எண்ணாக இருந்தும் 5-ஐ அவர் ஏற்கவில்லை. அதே நூலில், கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் தோப்பில் விளையாட, மீதி 12 குரங்குகள் குன்றின் மேல் இருக்கின்றன என்ற கணக்கில் 16, 48 ஆகிய இரண்டையுமே ஏற்கிறார். இரண்டும் கதைக்குப் பொருந்துகின்றன.

குறை எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளக் கூடாது. அடுத்தடுத்த இரு முழுக்களின் பெருக்கற்பலன் 132 என்றால் 11, 12 போலவே −12, −11 என்பதும் விடைதான். 'இயல் எண்கள்' என்று கேட்டிருந்தால் மட்டுமே அது விலகும்.

ஆகவே சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு முன்பே, மனையின் அகலம் 14 மீட்டர்தான் என்பதால் 'அ' 0-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று மகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். 15-ஐத் தள்ளும் இடத்தில் அந்த வரியையே காரணமாகக் காட்டலாம்.