காடு படிக்க ஆசைப்படும் மகளுக்காக ஓர் அம்மாவுக்கு

மரம், பறவை என்றால் மகளுக்கு உயிர், அதனால் இயற்கை வளப் பாதுகாப்புதான் படிப்பேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள் என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. பயம் நியாயமானதுதான். வேலையைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் முதலில் படிப்பு எப்படிப்பட்டது என்று நீங்களும் அவளும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்த்த வரையில், இதில் சேர்ந்து பாதியில் மனம் விட்டுப்போன பிள்ளைகள் வேலைக்குப் பயந்து அப்படி ஆகவில்லை. தாங்கள் நினைத்து வந்தது ஒன்று, வகுப்பில் கிடைத்தது வேறொன்று என்பதால்தான் தளர்ந்துபோனார்கள்.

எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற படிப்பு இது. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் கார்லோவிட்ஸ் என்ற சுரங்கத் துறை அதிகாரி இருந்தார். உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துவருவதைப் பார்த்து, வளர்கிற அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று 1713-இல் எழுதினார். அதே கேள்வியைத்தான் இன்றைக்கு மண், நிலத்தடி நீர், மீன், மேய்ச்சல் நிலம், காட்டுயிர் எல்லாவற்றுக்கும் கேட்கிறார்கள். அதற்குத் தாவரவியல், மண்ணியல், நீரியல் மட்டும் போதாது. புள்ளியியல், பொருளியல், சட்டம் எல்லாம் வேண்டும். கணக்குக்குப் பயந்து உயிரியல் பக்கம் ஒதுங்குகிற பிள்ளைகள் இங்கே வந்து மாட்டிக்கொள்வார்கள்.

கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் நடந்ததைக் கேளுங்கள். பல நூறு ஆண்டுகளாகக் காட் மீன் அள்ள அள்ளக் குறையாத இடம் அது. 1980-களில் அங்கே எவ்வளவு மீன் மிச்சம் இருக்கிறது என்று மதிப்பிட்டவர்கள், பெரிய இழுவைக் கப்பல்களுக்குக் கிடைத்த மீன் அளவையும் முக்கிய ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். கப்பல்களிலோ கருவிகள் மேம்பட்டுக்கொண்டே போயின. மீந்திருந்த மீன் கூட்டமாக ஒதுங்கிய இடங்களைத் தேடிப்பிடித்து அவை வலை போட்டன. கடலில் மீன் குறைந்துகொண்டிருந்தது, கப்பலில் குறையவில்லை. கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள், மீன் குறைகிறது, வருவதும் சிறிதாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1992-இல் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. ஏறக்குறைய 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். தடையை விலக்க 2024 வரை ஆயிற்று, அதுவும் சிறிய அளவில்தான்.

இந்தப் படிப்பு கற்றுத்தர வேண்டிய இரண்டும் இந்த ஒரு கதையில் இருக்கின்றன. ஒன்று, எண் எங்கிருந்து வந்தது என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும். இன்னொன்று, அந்த வளத்தை நம்பி வாழ்கிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மனிதர்களிடமிருந்து ஒதுங்கிக் காட்டுக்குள் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்து வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். விவசாயி, மேய்ப்பவர், மீனவர், கம்பெனிக்காரர், அதிகாரி என்று வேலை நேரத்தில் பெரும்பகுதி மனிதர்களோடுதான் போகும். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் அரசுப் பல்கலைக்கழகத்துக்கே முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். கட்டணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் நிலம். ஒரு காடு எப்படி மாறுகிறது என்று தெரிய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கிற நிறுவனங்களே பெரும்பாலும் அதைச் செய்கின்றன. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வனத்துறையோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிற ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காடு 1948 முதல் இருக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் 5,000 ஹெக்டேருக்கு மேல் சொந்த ஆய்வுக்காடு உண்டு. தனியாரிலும் நல்ல துறைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் போய் அளக்க நிலம் எங்கே என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

சரி, வேலை. வனம், மண், நீர், மீன்வளம் சார்ந்த அரசுத் துறைகள்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அங்கே இடங்கள் குறைவு, போட்டித் தேர்வுகள் கடினம். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஆலோசனை நிறுவனங்களிலும் வேலை உண்டு. 1970-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, அணையோ சாலையோ சுரங்கமோ அமைக்கும் முன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்ற விதி உலகின் பெரும்பாலான நாடுகளுக்குப் பரவிவிட்டது. அந்த அறிக்கைகளை எழுத ஆள் வேண்டும். தொண்டு நிறுவனங்கள், மரம், காகிதம், குடிநீர் சார்ந்த நிறுவனங்கள், ஆராய்ச்சி என்று மற்ற வழிகளும் உண்டு.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வருடங்களில் கிடைப்பது பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்ற ஒப்பந்த வேலைதான். சம்பளமும் கம்ப்யூட்டர் துறையில் சேர்ந்த தோழிக்குக் கிடைக்கிற அளவு வராது. நிலையான வேலைக்கு முதுகலையும் தேவைப்படலாம். அந்த இரண்டு, மூன்று வருடங்களை உங்கள் குடும்பம் தாங்குமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டுகிறவர்களிடம் நான் பார்ப்பது, வரைபட மென்பொருளும் புள்ளியியலும் கைவந்திருக்கும், தெளிவாக அறிக்கை எழுத வரும்.

சேர்வதற்கு முன் துறைக்கு நேரில் போங்கள். களப்பணி எத்தனை நாள் என்று கேளுங்கள். "அவ்வப்போது கூட்டிப்போவோம்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். கடந்த மூன்று வருடங்களில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு பேரிடமாவது மகளைப் பேசச் சொல்லுங்கள். களத்தில் பெண் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள், கூட யார் போகிறார்கள், முதலுதவிப் பயிற்சி உண்டா என்று கேட்கவும் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை, நல்ல துறை அதற்குத் தயாராகவே இருக்கும்.

அப்புறம், மகளுக்கு ஒரு சின்ன வேலை. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்த படங்களை 2008-இலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். அவளுக்குத் தெரிந்த ஒரு ஏரியையோ காட்டையோ எடுத்துக்கொண்டு, இருபது வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, என்ன மாறியது, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். முதலில் திணறுவாள், நீங்கள் உதவப் போகாதீர்கள். எழுதி முடித்ததும் அந்த இரண்டு பக்கத்தோடு என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.