எழுதற மாதிரி நடிக்க வேண்டாம்

வணக்கம் சார்,

சென்னையில ஒரு சின்ன நாடகக் குழுவுல நடிக்கிறேன், வேலை பேங்க்ல. இங்கிலீஷ் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸோட கடைசி ரெண்டு வருஷத்த வச்சு தமிழ்ல ஒரு நாடகம் போடறோம், டிக்கன்ஸ் நான்தான். தாடி வளர்க்க ஆரம்பிச்சாச்சு. ஸ்கிரிப்ட்ல அஞ்சு சீன் அவர் மேசையில உக்காந்து எழுதறதுதான். ரிகர்சல்ல என்ன பண்றதுன்னே தெரியாம பேனாவ வச்சுகிட்டு மோட்டுவளையப் பாத்துட்டு இருக்கேன். நாவல் எழுதறவர் நீங்க, எழுதும்போது முகம் எப்படி இருக்கும், கை என்ன பண்ணும்னு கொஞ்சம் சொல்லுங்க.

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மோட்டுவளையப் பாக்கறத முதல்ல விடுங்க. எழுதும்போது என் முகத்துல ஒண்ணும் தெரியாது, கணக்கு எழுதற ஆள் மாதிரிதான் இருப்பேன். ஆனா உங்களுக்குக் கிடைச்சிருக்கறவர் டிக்கன்ஸ், அவர் கதையே வேற.

அவர் மக மேமி எழுதி வச்சிருக்காங்க. சின்ன வயசுல உடம்பு சரியில்லாம இருந்தப்ப அப்பா எழுதற ரூம்லயே சோபாவுல படுத்திருக்காங்க. பரபரன்னு எழுதிட்டு இருந்தவர் சட்டுனு எழுந்து கண்ணாடிகிட்ட ஓடறார், முகத்த எப்படியெல்லாமோ கோணிப் பாக்கறார், திரும்ப ஓடி வந்து கொஞ்சம் எழுதறார், மறுபடி கண்ணாடி, அப்புறம் மக பக்கம் திரும்பி, ஆனா மக இருக்கறதே தெரியாம, தணிஞ்ச குரல்ல கடகடன்னு பேசறார், பேசி முடிச்சுட்டு மேசைக்குப் போய் மதிய சாப்பாடு வரைக்கும் சத்தமே இல்லாம எழுதறார். அந்த முகமும் குரலும் அவரோடது இல்ல, எழுதிட்டிருந்த பாத்திரத்தோடது. உங்க அஞ்சு சீனுக்கும் தேவையானது இதுலயே இருக்கு, டைரக்டர்கிட்ட இதப் படிச்சுக் காட்டுங்க.

அவர் நடிகராகணும்னு ஆசைப்பட்டவர்ங்கறத மறந்துடாதீங்க. 1832ல, 20 வயசுல, லண்டன் கோவென்ட் கார்டன் தியேட்டர்ல ஆடிஷனுக்கு நாள் குறிச்சுக் குடுத்தாங்க, அன்னிக்குப் பாத்து கடுமையான ஜலதோஷம், போக முடியல. அதுக்கு முன்னாடி அவர் பழகினது என்ன தெரியுமா, உள்ள நடந்து வர்றது, வெளிய போறது, நாற்காலியில உக்கார்றது. இதையே தினமும் நாலஞ்சு மணி நேரம், சில நாள் ஆறு மணி நேரம்! அதனால நீங்க எழுத்தாளர் வேஷம் கட்டறதா நினைக்காதீங்க. மேடைக்குப் போக வேண்டிய ஒருத்தர் மேசைக்கு வந்துட்டார், அவரைத்தான் நீங்க நடிக்கறீங்க.

1858லேர்ந்து காசு வாங்கிகிட்டு சொந்தக் கதைகள மேடையில வாசிச்சார், ஊர் ஊராப் போய். அதுக்குன்னே தனியா புத்தகம் தயார் பண்ணுவார், அச்சுப் பக்கத்துல வெட்டி, அடிக்கோடு போட்டு, ஓரத்துல இந்த இடத்துல இந்த உணர்ச்சின்னு குறிச்சு வச்சுக்குவார். டாக்டர் மேரிகோல்டுங்கற ஒரே கதைய வாசிக்கறதுக்கு 200 தடவைக்கு மேல ஒத்திகை பாத்தார்னு அவர் கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க. நீங்களும் அத செய்யுங்க. அவரோட ஆலிவர் ட்விஸ்ட் நாவல்ல நான்சிங்கற பொண்ணு கொலையாகற இடத்த எடுத்து, வெட்டி, ஓரத்துல குறிச்சு, மனப்பாடமா வர்ற வரைக்கும் சத்தமா வாசிங்க. அவர் கடைசி வருஷங்கள்ல விடாப்பிடியா வாசிச்சது அதுதான், 1869 ஜனவரியிலேர்ந்து. வாசிச்சு முடிச்சதும் நாடி நூறைத் தாண்டி ஓடும், டாக்டர் பக்கத்துல நின்னு எண்ணுவார், அப்பவும் நிறுத்த மாட்டேன்னுட்டார். ஏன் நிறுத்தலங்கறது உங்க வாசிப்புலதான் தெரியணும், வசனத்துல சொல்ல வேண்டாம்.

உடம்புக்கு வேண்டியதும் நிறைய இருக்கு. 1865ல ஸ்டேபிள்ஹர்ஸ்ட்ல ரயில் கவுந்ததுல தப்பிச்சவர், அதுக்கப்புறம் வண்டி லேசா ஆடினாலே ரெண்டு கையாலயும் சீட்ட இறுக்கிப் பிடிச்சுக்குவாராம், பையன் ஹென்றி சொல்லியிருக்கார். மேடை நிகழ்ச்சிக்கெல்லாம் அந்த ரயில்லதான் போயாகணும். 1870ல தெருவுல நடக்கும்போது கடை போர்டுல வலது பக்கத்து எழுத்து மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. மேடையில பிக்விக்ங்கற பேரு, முதல் நாவலோட நாயகனுக்கு அவரே 24 வயசுல வச்ச பேரு, வாயில சரியா வரல. இதையெல்லாம் தள்ளாடிக் காட்டாதீங்க. பேரு தப்பா வந்ததும் ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போங்க, சபை தானா கவனிச்சுக்கும்.

ஒரு வேண்டுகோள், இது ஸ்கிரிப்ட் எழுதினவருக்கு. டிக்கன்ஸ் வாக்கியம் நீளமா, மேல மேல அடுக்கிகிட்டே போகும். தமிழ்ல கொண்டு வரும்போது பேச வசதியா இருக்கட்டும்னு துண்டு துண்டா ஒடைக்கறாங்க, எனக்கு அது பொறுக்கறதே இல்ல. ஒரே மூச்சுல அந்த நீளத்தப் பேசிப் பழகினீங்கன்னா அவர் எங்க மூச்சு வாங்கினார், எங்க வேகம் எடுத்தார்னு உங்க நெஞ்சுக்கே தெரியும், அதுக்கு தாடியோ விக்கோ உதவாது. முழு வாக்கியத்த அப்படியே தரச் சொல்லிக் கேளுங்க, முடியாதுன்னா சண்டை போடுங்க.

தேதி முடிவானதும் எழுதுங்க, நான் வர்றேன்.