ஆர்.எஃப்.ஐ.டி.: கேள்வி – பதில்

கேள்வி: ஏற்றுமதிக்குப் போகும் பெட்டி ஒன்றுக்கு 60 டி-சர்ட். எல்லாவற்றிலும் ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை (டேக்) தொங்குகிறது. அட்டைகளைப் படித்து எண்ணும் ரீடர் ஒருமுறை 57 என்கிறது, இன்னொரு முறை 64. எதை நம்புவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு கோளாறு.

64 வந்தால் பக்கத்துப் பெட்டியும் சேர்ந்து படிக்கப்படுகிறது. ரீடர் பவர் 30 டிபிஎம், அதாவது 1 வாட்டில் இருந்தால், அலை தரையிலும் இரும்பு ரேக்கிலும் பட்டுத் தெறித்து பல மீட்டர் போகும். அந்த எண்ணில் 3 (3 டிபி) குறைத்தாலே சக்தி பாதியாகிவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு நிரம்பிய பெட்டியை வைத்து, அது படிக்கப்படாத அளவுக்குப் பவரை இறக்குங்கள். இறக்கியதில் உள்ளே உள்ளவை விடுபட்டால், பெட்டி நுழையும் இடத்தைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துக் கூண்டாக்கி, ஆன்டெனாக்களை அதற்குள் வையுங்கள். செலவுதான், ஆனால் இதுவே நிலையான தீர்வு.

57க்குக் காரணம் பெரும்பாலும் மடிப்பு. எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி மடிந்தால் அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி விழும். அட்டைகளுக்குள் உள்ள ஆன்டெனாக்கள் நெருங்கினால் ஒன்றின் சுருதியை மற்றது கலைத்துவிடும். ஒரு சட்டையை நேராகவும் அடுத்ததைத் தலைமாற்றியும் அடுக்குங்கள்.

இன்னொன்று: ரீடரின் எண்ணும் முறைகளில் ஒன்றான 'செஷன் 2'இல் அது இருந்தால், ஒருமுறை எண்ணப்பட்ட டேக், அலை நின்ற பிறகும் குறைந்தது 2 விநாடி வாய் திறக்காது. பதறிப்போய் உடனே மறுபடி ஓட்டினால் எண்ணிக்கை இன்னும் குறையும். சற்றுப் பொறுத்து ஓட்டுங்கள்.

கேள்வி: இதே டேக்கை மீனில் பொருத்தி அதன் நகர்வை ஆராயலாமா?
– ஆராய்ச்சி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: முடியாது. துணிக்கடை டேக் பேசும் 865 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். மீனுக்கு உரியது 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பிட் டேக்: 12 மி.மீ. நீளக் கண்ணாடிக் குப்பி, உள்ளே செம்புச் சுருளும் ஒரு சில்லும். பேட்டரி இல்லாததால் மீனின் ஆயுள் முழுக்க வேலை செய்யும். எடை சுமார் 0.1 கிராம். டேக் உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது வழக்கம். எனவே 5 கிராமுக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடாதீர்கள். கிருமி நீக்கிய ஊசியால் வயிற்றறைக்குள் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று அணைகளில் சால்மன்களை 1980களிலிருந்து இப்படித்தான் தொடர்கிறார்கள். மீன் ஏறும் குறுகிய வழியில் ஆன்டெனாச் சுருள் இருக்கும். மீன் அதை ஊடுருவிப் போனால்தான் பதிவாகும், ஏனெனில் எட்டும் தூரம் சில பத்து சென்டிமீட்டர்தான். டேக் போட்ட இரண்டு மீன்கள் ஒரே நேரத்தில் சுருளுக்குள் வந்தால் குறிகள் மோதி இரண்டுமே விடுபடலாம். வழி ஒடுக்கமாக இருந்தால் இது குறையும்.

வாய்க்கால், குளத்து மதகு, மீன் பண்ணைத் தொட்டி என்றால் பிட் டேக் பொருந்தும். திறந்த கடல் என்றால் ஒலி அலை டேக்குக்குப் போங்கள்.